அளவெடுக்கும்போதே வாளை உயர்த்தச் சொல்லுங்கள்

கேள்வி: கல்லூரி நாடக மன்றத்தின் பொறுப்பாசிரியையாக இருக்கிறேன். இதுவரை வாடகை உடைகளையே பயன்படுத்தினோம். இந்த ஆண்டு அரச நாடகத்துக்கு மாணவர்களே வடிவமைத்துத் தைக்க விரும்புகிறார்கள். அழகாக வரைகிறார்கள், ஊசி பிடித்துப் பழக்கமில்லை. பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: முதலில் வரைதாளை ஒதுக்கி வையுங்கள். ஆளுக்கொரு பழைய சட்டையைக் கொடுத்து, தையல்களைப் பிரித்து, துண்டுகளைத் தரையில் பரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டைக் கைக்கான துண்டின் மேல்விளிம்பு ஏன் வளைந்திருக்கிறது என்பது, பிரித்துப் பார்த்தவர்களுக்கு மறக்காது. அத்துண்டுகளையே படிவமாக வைத்துக் காடாத் துணியில் வெட்டி, எளிதில் பிரிக்கக்கூடிய ஓட்டுத்தையலில் இணைத்து, நடிகருக்கு அணிவித்துத் திருத்தட்டும். விலையுள்ள துணியில் கத்தரி வைப்பது அதற்குப் பிறகுதான். பருத்தியென்றால் வெட்டுமுன் நனைத்து உலர்த்திவிட வேண்டும்.

அளவெடுப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். நான் பயிற்றுவித்த ஒரு குழுவில், அரசன் வாளை ஓங்கிய கணத்தில் அங்கியின் அக்குள் கிழிந்து உள்சட்டை தெரிந்தது. தையலில் குறையில்லை, கைகளைத் தொங்கவிட்டு நின்ற உடலை மட்டுமே நான் அளக்கச் செய்திருந்தேன். கைத்துணி வந்து பொருந்தும் கைக்குழியை இறக்கி வெட்டினால் தாராளமாக இருக்கும் என்று மாணவர்கள் நினைப்பார்கள். உண்மையில், இறக்க இறக்க, கையை உயர்த்தும்போது அங்கி முழுவதும் மேலே இழுபடும். குழியை அக்குளுக்கு அருகிலேயே வைத்து, அங்கே சாய்சதுரமாக ஒரு துண்டுத் துணி சேர்த்தால் கை தடையின்றி எழும். பக்கத் தையல்களில் ஓர் அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு வேறொரு மாணவருக்கு அதையே பிரித்துப் பெரிதாக்கலாம்.

ஒருமுறையாவது அவர்களைத் தெருக்கூத்துக் கலைஞர்களிடம் அழைத்துச் செல்லுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசை அதற்கு மிகப் பொருத்தமான ஊர். கிரீடத்தையும், தோளில் அணியும் புஜக்கட்டையையும் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டும் மரபு அது. இரவு முழுவதும் சுழன்றாடும் உடலுக்கு எடை எவ்வளவு முக்கியம் என்பதை, அவற்றைக் கையில் ஏந்திப் பார்க்கும் மாணவர் தாமே உணர்வார்.

வரைதாளை அதன்பின் திருப்பிக் கொடுங்கள். நிறங்களை முடிவு செய்யுமுன், துணித் துண்டுகளை மேடை விளக்கின்கீழ் பிடித்துக் கடைசி வரிசையிலிருந்து பார்க்க வேண்டும். நீல ஒளியில் சிவப்புப் பட்டு ஏறக்குறையக் கறுப்பாகிவிடும். அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே உடைகள் நடிகர்களிடம் சேர்ந்துவிடட்டும். தைத்த மாணவர்கள் ஒவ்வோர் ஒத்திகையிலும் ஊசிநூலுடன் பக்கத்திரை ஓரமாக இருக்கட்டும்.