ரயிலேற்றிவிட்டுப் போன ஹோம்ஸ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2012-ல் வந்த ‘ஷெர்லாக்’ தொடரின் பாஸ்கர்வில் பகுதியைப் பார்த்த ஆர்வத்தில், ஒரு பேய்நாயைச் சுற்றி நடக்கும் கானன் டாயிலின் மூல நாவலான ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’ (The Hound of the Baskervilles) வாசித்தேன். ஏமாற்றம்தான். கதை சூடுபிடிக்கும் நேரத்தில் துப்பறிவாளர் ஹோம்ஸ் காணாமல் போகிறார். அவருடைய நண்பர் வாட்சனின் கடிதங்களும் டைரியுமாகப் பக்கங்கள் நகர்கின்றன. இதையா துப்பறியும் நாவல்களின் உச்சம் என்கிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் குறை சொல்லும் பக்கங்களைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். ஆறாம் அத்தியாயத் தொடக்கத்தில் வாட்சனை ரயிலேற்றிவிட்டுப் போகும் ஹோம்ஸின் குரல், பதினொன்றாம் அத்தியாயத்தின் கடைசி வரியில்தான் மறுபடி கேட்கிறது. மொத்தமே பதினைந்து அத்தியாயங்கள். 1893-ல் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்ற டாயில், 1901-ல் இந்தத் தொடர்கதைக்காக அவரை மீண்டும் எழுதுகிறார். எட்டு வருடம் ஏங்கிய வாசகர்களிடமிருந்து அவரை மறுபடியும் ஒளித்துவைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஹோம்ஸ் பக்கத்தில் இருந்தால் பயம் தங்காது. எதற்கும் அவரிடம் ஒரு காரணம் இருக்கும். வாட்சனிடம் இல்லை. நள்ளிரவில் ஒரு பெண்ணின் விசும்பல், ஜன்னலோரம் மெழுகுவர்த்தியோடு நிற்கும் வேலைக்காரர், சேற்றில் கழுத்துவரை புதைந்து அலறும் மட்டக்குதிரை, நிலவொளியில் பாறை உச்சியில் அசையாமல் நிற்கும் ஒரு மனிதன். எல்லாவற்றையும் நேர்மையாகக் குறித்துவைக்கிறார். கோத்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. கதை நடக்கும் இங்கிலாந்தின் டார்ட்மூர் பொட்டலில் அவரோடு நாமும் தனியாக நிற்கிறோம்.

தொலைக்காட்சிக்கு இது கடினம். நாயகனை ஒரு மணி நேரம் மறைத்துவைக்க யாருக்கு மனம் வரும்? நீங்கள் பார்த்த பகுதியில் ஷெர்லாக், ஜான் வாட்சனை மட்டும் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு உடனே தானும் கிளம்பிவிடுகிறார். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அங்கே பயம் ஷெர்லாக்கையே பிடித்து ஆட்டுகிறது. அது அசலான கற்பனை. ஆனால் அது வேறு கதை. 1981-ல் வந்த சோவியத் தொலைக்காட்சிப் படத்தைத் தேடிப் பாருங்கள். விட்டாலி சொலோமின் நடித்த வாட்சன் விழிப்பானவர், கண்ணியமானவர், கோமாளி அல்ல. 1988-ல் ஜெரமி பிரெட் ஹோம்ஸாக நடித்ததில் எட்வர்ட் ஹார்ட்விக்கின் வாட்சனும் அப்படித்தான். நாய்தான் எல்லோரையும் காலை வாருகிறது. பதினான்காம் அத்தியாயத்தில் பனிமூட்டத்தைக் கிழித்து வருவது பேய். திரையில் வந்து நிற்பது ஒளிரும் மை பூசிய நாய்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தை மட்டும் மறுபடி வாசியுங்கள். இவ்வளவு நாளும் ஹோம்ஸ் அருகிலேயே ஒளிந்திருந்தார் என்று அறிந்ததும் வாட்சனின் குரல் நடுங்குகிறது. ‘என் கடிதங்களெல்லாம் வீண்தானா?’ என்று வருந்துகிறார். ஹோம்ஸ் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துக் காட்டுகிறார். அத்தனையும் வாட்சன் எழுதியவை. புரட்டிப் புரட்டி ஓரங்கள் நைந்துபோயிருக்கின்றன.