சீனக் கவிஞர்கள் தங்கள் கதையை ஏன் ஒரு சில்வண்டின் தலையில் ஏற்றிச் சொல்கிறார்கள்?

கேள்வி இதுதான்: “செவ்வியல் சீனக் கவிதைகளில் கவிஞர் தன் மனக்குறையை நேரே சொல்லாமல் பூ, பூச்சி, மரம் என்று ஏதோ ஒரு பொருளைப் பாடுகிறார். சில்வண்டு என்றால் தூய்மை, மூங்கில் என்றால் நேர்மை என்று ஒரு பட்டியல் கையில் இருந்தால் இவை புரிந்துவிடுமா? வரலாற்றுப் பின்னணி தெரியாமல் ரசிக்க முடியுமா?”

பட்டியல் போதாது. பட்டியலோடு போனால் எல்லாச் சில்வண்டுக் கவிதையும் ஒரே கவிதையாகத்தான் தெரியும். பொருள் எதைக் குறிக்கிறது என்பது அந்தக் காலத்தில் படித்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அந்தப் பொருளுக்கு இந்தக் கவிதையில் என்ன நேர்கிறது என்பதில்தான் கவிஞரின் சொந்தக் கதை இருக்கிறது. இதை விளக்கச் சில்வண்டையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தாங் அரச மரபின் காலத்தில் (618–907) மூன்று பேர் அதைப் பாடி வைத்திருக்கிறார்கள், மூன்றும் அளவில் சின்னவை.

முதலில், எல்லோருக்கும் பொதுவாக இருந்த சரக்கு. சில்வண்டு உயரமான கிளையில் இருக்கும், பனித்துளியை மட்டும் குடித்து வாழும், ஆகவே தூய்மையானது என்பது பழைய சீன நம்பிக்கை. (உண்மையில் அது மரச்சாற்றை உறிஞ்சும் பூச்சி. அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) ஹான் காலத்திலிருந்தே அரசவையின் உயர் அதிகாரிகள் சிலருடைய தொப்பியில் சில்வண்டு வடிவ அணி இருந்தது. ஆகவே சில்வண்டு என்றதும் ‘கறைபடாத அதிகாரி’ என்ற எண்ணம் தானாக வந்துவிடும்.

யூ ஷிநான் (558–638) தாங் பேரரசர் தாய்சோங்கின் அவையில் பெருமதிப்போடு இருந்தவர். அறிஞர், கையெழுத்துக் கலைஞர். அவருடைய கவிதை நாலே வரி:

தொப்பிக் குஞ்சம் தொங்கத் தெளிந்த பனியைப் பருகுகிறது;
இலை அடராத வூதோங் மரத்திலிருந்து அதன் ஒலி பெருகி வருகிறது.
உயரத்தில் இருப்பதால் குரல் தானே தொலைவு செல்கிறது;
இலையுதிர்காலக் காற்றின் தயவால் அல்ல.

முதல் வரியிலேயே பூச்சியின் வாய்ப்பகுதி அதிகாரியின் தொப்பிக் குஞ்சமாகிவிட்டது. நான் யாரையும் பிடித்து மேலே வரவில்லை என்று ஒருவர் வெளிப்படையாகச் சொன்னால் தற்பெருமையாக இருக்கும். பூச்சி சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் மனிதரின் கவிதை இது.

இரண்டாமவர் லுவோ பின்வாங். 678இல் மற்ற அதிகாரிகளின் தவறுகளைக் கண்காணிக்கும் அதிகாரியாக இருந்தபோது சிறையில் போட்டார்கள். குற்றச்சாட்டு ஊழல்; பேரரசி வூவுக்குப் பிடிக்காத மனுக்களை எழுதியதுதான் உண்மைக் காரணம் என்பது பரவலான கருத்து. சிறையிலிருந்து எழுதிய கவிதைக்கு அவரே ஒரு முன்னுரையும் வைத்தார். சிறைச் சுவருக்கு மேற்கே நீதி விசாரிக்கும் கூடம், அங்கே சில முதிய மரங்கள், மாலை வெயில் சாயும்போது அவற்றிலிருந்து சில்வண்டின் ஒலி. முன்பு கேட்டதைவிட அது மனதை அறுக்கிறது என்று சொல்லிவிட்டு இப்படிக் கேட்கிறார்: மனித மனம்தான் முன்போல் இல்லையா, அல்லது பூச்சியின் ஒலிதான் முன்பைவிடச் சோகமாகிவிட்டதா? இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், பொருளைப் பாடும் சீனக் கவிதை முழுவதும் இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. பதில் சொல்லிவிட்டால் கவிதை கெட்டுப்போகும்.

கவிதையில் இப்படி வருகிறது:

பனி கனக்கிறது, பறந்து முன்னேற முடியவில்லை;
காற்று மிகுந்திருக்கிறது, குரல் எளிதில் அமிழ்ந்துபோகிறது.

யூ ஷிநானின் வரிகளோடு சேர்த்துப் படியுங்கள். அதே பனி, அதே காற்று. அங்கே பனி உணவு. இங்கே அது இறகின் மேல் சுமை. அங்கே காற்றே தேவையில்லை. இங்கே காற்று குரலை அமுக்குகிறது. “என் தூய்மையை நம்புவார் இல்லை, என் மனதை யார் எடுத்துச் சொல்வார்” என்று முடிக்கும்போது பேசுவது பூச்சியா கைதியா என்று பிரிக்க முடியாது. அடுத்த ஆண்டே பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். 684இல் பேரரசி வூவுக்கு எதிரான கலகத்தில் சேர்ந்து, அவருக்கு எதிராகப் புகழ்பெற்ற அறிக்கை ஒன்றை எழுதினார். கலகம் தோற்றது. அதன் பிறகு அவர் என்ன ஆனார் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒற்றுமை இல்லை.

மூன்றாமவர் லி ஷாங்யின், 9ஆம் நூற்றாண்டு. திறமைக்குக் குறைவில்லை. ஆனால் அரசவையின் இரண்டு கோஷ்டிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, மாகாண ஆளுநர்களிடம் எழுத்து வேலை பார்த்தே காலம் போனது. அவர் தொடங்குவதே இப்படி: உயரத்தில் இருப்பதால்தான் உனக்கு வயிறு நிறைவதில்லை; மனக்குறையைக் கத்திக் கத்திக் குரலை வீணாக்குகிறாய். யூ ஷிநானுக்கு உயரம் புகழைக் கொடுத்தது. இவருக்கு அதே உயரம் பட்டினி போடுகிறது. பனியைக் குடித்து வாழ்கிறது என்று கதை சொன்னவர்களிடம், ‘அதைக் குடித்தால் வயிறு நிறையுமா?’ என்று கேட்ட மாதிரி இருக்கிறது.

அடுத்த இரண்டு வரிகள் எனக்கு இந்த மூன்று கவிதைகளிலும் மிகப் பிடித்தவை:

விடியலுக்கு முந்தைய சாமத்தில் குரல் நைந்து அறுபடப் போகிறது;
மரமோ முழுக்கப் பச்சை, இரக்கமே இல்லை.

இரவெல்லாம் கத்தியிருக்கிறது. அது உட்கார்ந்திருக்கும் மரத்தில் ஓர் இலைகூட வாடவில்லை. ஆதரவு கேட்டுப் பெரிய மனிதர்களுக்குக் கவிதையும் கடிதமும் எழுதிப் பார்த்தவர் இவர் என்பது தெரிந்தால் அந்த மரம் யார் என்று ஊகிக்கலாம். தெரியாவிட்டாலும் அந்தப் பச்சை வலிக்கும். அப்புறம் கவிதை பூச்சியை விட்டுத் தன்னிடம் வருகிறது: சின்ன உத்தியோகம், வெள்ளத்தில் மிதக்கும் மரத்துண்டு போல அலைச்சல், சொந்த ஊர்த் தோட்டம் களை மண்டிக் கிடக்கிறது. கடைசியில் மறுபடியும் பூச்சியைப் பார்த்து, எச்சரித்ததற்கு நன்றி, எங்கள் வீட்டிலும் எல்லோரும் உன்னைப் போலத்தான் என்கிறார். தூய்மையும் வெறும் பானையும் அந்த வரியில் ஒன்றாகவே நிற்கின்றன.

ஷி பூஹுவா என்ற 19ஆம் நூற்றாண்டு விமர்சகர் இந்த மூன்றையும் வரிசையாக வைத்து, முதலாவது உயர்ந்த இடத்து மனிதரின் பேச்சு, இரண்டாவது ஆபத்தில் மாட்டியவரின் பேச்சு, மூன்றாவது மனக்குறைக்காரரின் பேச்சு என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சரி, ஏன் நேரே சொல்லக்கூடாது? பயம் ஒரு காரணம் என்பார்கள். பாதி உண்மை. பொருளைப் பாடுவது பாதுகாப்பு என்றால் சோங் அரச மரபின் காலத்துக் கவிஞர் சூ ஷி சிறைக்குப் போயிருக்க மாட்டார். 1079இல் அரசைக் கவிதையில் கேலி செய்தார் என்று அவரைக் கைது செய்து தலைநகருக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சமயத்தில் ஓர் அமைச்சர் பேரரசர் ஷென்சோங்கிடம் சூ ஷியின் ஜூனிப்பர் மரக் கவிதை ஒன்றைக் கொண்டுபோனதாக ஒரு பழைய குறிப்பு உண்டு. “வேர் பாதாளம் வரை போயும் எங்கும் வளையவில்லை, உலகில் மறைந்திருக்கும் நாகம் மட்டுமே அதை அறியும்” என்பது வரி. சீனத்தில் பறக்கும் நாகம் பேரரசர். ஆக, வானத்து நாகம் தன்னை மதிக்கவில்லை என்று பூமிக்கடியில் வேறு நாகத்தைத் தேடுகிறார், இது ராஜதுரோகம் என்று அமைச்சர் பொருள் சொன்னார். பேரரசர் மசியவில்லை: கவிஞர்களின் சொல்லை இப்படியா ஆராய்வது? அவர் மரத்தைப் பாடினார், அதில் எனக்கு என்ன?

அமைச்சரிடம் இருந்தது நீங்கள் கேட்ட அதே பட்டியல்தான். நாகம் என்றால் அரசன், தீர்ந்தது. இத்தனைக்கும் வளையாத அந்த வேர் சூ ஷியேதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் மரமாகவும் அது முழுமையாக நிற்கிறது, பேரரசர் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

உயிர் தப்பிய சூ ஷியை ஹுவாங்சோவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தபோது நண்பர் சாங் ஜியே வில்லோ மரத்தின் பஞ்சைப் பற்றி ஒரு பாடல் எழுதியிருந்தார். இது ‘த்ஸு’ வகை: ஏற்கெனவே இருக்கும் மெட்டுக்கு நீளமும் குட்டையுமான வரிகளை நிரப்புவது. மெட்டின் பெயருக்கும் விஷயத்துக்கும் தொடர்பு இருக்காது. இந்த மெட்டின் பெயரில் நீர் நாகம் வருகிறது, பாட்டில் பஞ்சு பறக்கிறது. நண்பர் பயன்படுத்திய அதே எதுகைச் சொற்களை அதே வரிசையில் வைத்து சூ ஷி பதில் பாட்டு எழுதி அனுப்பினார், யாருக்கும் காட்டாதே என்ற வேண்டுகோளோடு. சூடு கண்ட பூனை.

“பூப் போலவும் இருக்கிறது, பூ அல்லாதது போலவும் இருக்கிறது, இரங்குவார் இல்லை, விழட்டும் என்று விட்டுவிட்டார்கள்” என்று ஆரம்பம். வீட்டைப் பிரிந்து சாலையோரம் கிடக்கிறது. காற்றோடு பல்லாயிரம் காதம் கணவனைத் தேடிப் போகும் கனவை ஒரு மாங்குயில் கூவிக் கலைக்கிறது. இங்கே பஞ்சு கணவனைப் பிரிந்த பெண்ணாகிவிட்டது, ஆனால் எந்த வரியில் ஆனது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. மழை பெய்து முடிந்த காலையில் பஞ்சைத் தேடினால் குளம் முழுக்கச் சிதறிய பாசி. (பஞ்சு தண்ணீரில் விழுந்தால் பாசியாகும் என்பது அவர்களுடைய நம்பிக்கை.) பிறகு ஒரு கணக்கு: வசந்தம் மூன்று பங்கு என்றால் இரண்டு பங்கு புழுதி, ஒரு பங்கு ஓடும் நீர். உற்றுப் பார்த்தால் இது பஞ்சே அல்ல, துளித்துளியாகப் பிரிந்தவரின் கண்ணீர் என்று முடிகிறது. பிரிவின்போது வில்லோக் கிளையை ஒடித்துக் கொடுப்பது சீன வழக்கம், அதனால் கண்ணீர் திடீரென்று வருவதில்லை, மரத்திலேயே இருந்திருக்கிறது. பொருளைப் பாடும் த்ஸுக்களில் இதுவே தலைசிறந்தது என்று 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து விமர்சகர் வாங் குவோவெய் தீர்ப்பளித்தார். நான் மறுக்க மாட்டேன்.

பயத்தை விடப் பெரிய காரணம் பழக்கம் என்று நினைக்கிறேன். 5, 6ஆம் நூற்றாண்டு அரசவைகளில் விளக்கு, கண்ணாடி, மெழுகுவர்த்தி, யாழ் என்று ஒரு பொருளைக் கொடுத்து எல்லோரையும் பாடச் சொல்வார்கள். ஒருவகை விருந்து விளையாட்டு. பொருளின் பெயரைச் சொல்லாமலே பாடுவது சாமர்த்தியம். அந்த விளையாட்டில் தேறிய கை, துக்கம் வந்தபோதும் அப்படியேதான் எழுதியது.

அந்தப் பழக்கத்தின் எல்லை 13ஆம் நூற்றாண்டுக் கவிஞர் வாங் யிசுன். 1279இல் மங்கோலியரிடம் தெற்கு சோங் அரசு முற்றிலும் விழுந்தது. புதிய ஆட்சியின் கீழ் அதிகாரத்தில் இருந்த ஒரு துறவி, ஷாவ்சிங் அருகே இருந்த சோங் பேரரசர்களின் கல்லறைகளைத் தோண்டிக் கொள்ளையடித்தார். எலும்புகள் வெளியே கிடந்தன. அந்தக் காலத்தில் 14 கவிஞர்கள் கூடி, அம்பர் நறுமணம், வெள்ளைத் தாமரை, ஒருவகை நீர்க்கீரை, சில்வண்டு, நண்டு என்ற ஐந்து பொருள்களின் மேல் 37 பாடல்கள் எழுதினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அதே பழைய விருந்து விளையாட்டு. வாங் யிசுனின் சில்வண்டுப் பாட்டில் சில்வண்டு என்ற சொல்லே இல்லை. மனக்குறையோடு இறந்து சில்வண்டான பழங்கதை அரசி வருகிறாள். கண்ணாடி மங்கிவிட்டது, ஒப்பனை கலைந்துவிட்டது, யாருக்காக இன்னும் இந்த அழகான கூந்தல் என்று கேட்கிறார். அடுத்தது ஹான் பேரரசர் பனித்துளி பிடிக்க வைத்த வெண்கலச் சிலை. பிந்தைய அரசு ஒன்று அதைப் பெயர்த்துக்கொண்டு போனபோது சிலை அழுததாம். ஆகவே:

தட்டைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் போய்விட்டார்கள்,
விழும் பனியை இனி எதில் சேர்ப்பது.

பனியை மறுபடியும் கவனியுங்கள். யூ ஷிநானுக்கு உணவு, லுவோ பின்வாங்குக்குச் சுமை. இங்கே பனி பிடிக்கும் பாத்திரமே நாட்டோடு போய்விட்டது. கல்லறைக் கொள்ளையில் ஓர் அரசியின் நீண்ட கூந்தல் கிடைத்ததாக ஒரு குறிப்பு இருப்பதால், அந்தக் கூந்தல் வரியை நேரடியாக அதோடு இணைத்துப் படிப்பவர்கள் உண்டு. அவ்வளவு இறுக்கமாகப் பொருத்துவது அமைச்சரின் ஜூனிப்பர் வேலையைப் போல எனக்குப் படுகிறது. நாடு போன துக்கம் என்ற அளவிலேயே பாட்டு நன்றாக நிற்கிறது.

எல்லாப் பொருள் கவிதையும் இந்தத் தரம் என்று நினைக்க வேண்டாம். 15ஆம் நூற்றாண்டில் மிங் அரசின் அமைச்சராக இருந்த யூ சியென் பெயரில் வழங்கும் சுண்ணாம்புக் கவிதை சீனப் பள்ளிக் குழந்தைகள் வரை பிரபலம்: எலும்பு பொடியானாலும் அஞ்சேன், வெண்மையை உலகில் விட்டுச் செல்வேன். அவர் 1457இல் மரண தண்டனை பெற்றார் என்பதால் அதற்கு ஒரு கனம் வருகிறது. ஆனால் அந்தச் சுண்ணாம்பை நான் தொட்டுப் பார்க்க முடியவில்லை, முழக்கம்தான் கேட்கிறது.

பின்னணி தெரியாமல் ரசிக்க முடியுமா என்ற கடைசிக் கேள்விக்கு: லி ஷாங்யினையும் சூ ஷியின் பஞ்சையும் தாராளமாக ரசிக்கலாம். லுவோ பின்வாங்குக்கு அந்த முன்னுரை அவசியம், அது கவிதையோடு சேர்த்தே கிடைக்கும். வாங் யிசுனை உரையில்லாமல் திறந்தால் ஒன்றும் பிடிபடாது. அவரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.