வாசகர் கேள்வி – பதில்: பச்சை ஹாப்ஸும் வீட்டு பீரும்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் வசிக்கிறான். அவன் வீட்டு வேலியில் படர்ந்துள்ள, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடி இவ்வாண்டு நிறையக் காய்த்திருப்பதாகச் சொல்கிறான். வீட்டிலேயே பீர் காய்ச்சும் பழக்கமும் அவனுக்கு உண்டு. ஆகஸ்ட் இறுதியில் நாங்கள் அங்கே போகும்போது அதன் கூம்புகளை, அதாவது கூம்பு வடிவப் பூக்களை, பறிக்க வேண்டுமாம். பக்குவத்தை எப்படி அறிவது? நம் வளவில் வற்றல் காயப்போடுவதுபோல் வெயிலில் உலர்த்த வேண்டுமா, பச்சையாகவே போடலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: ஓரிகனில் ஆகஸ்ட் பிற்பகுதியும் செப்டம்பரும்தான் ஹாப்ஸ் அறுவடைக் காலம், ஆகவே சரியான நேரத்தில்தான் போகிறீர்கள். ஆனாலும் நாள்காட்டியைவிடக் கையையும் மூக்கையும் நம்புங்கள். பக்குவமாகாத கூம்பு ஈரப்பசையோடு, அழுத்தினால் அமுங்கியபடியே இருக்கும். பக்குவமானது காகிதம்போல் சரசரத்து, விட்டவுடன் பழைய உருவத்துக்குத் திரும்பும். ஒன்றைப் பிளந்து பாருங்கள்: இதழ்களின் அடியில் லூபுலின் என்னும் பொடி நல்ல மஞ்சளாக, விரலில் ஒட்டும்படி இருந்து, கசக்கினால் மணம் தூக்கலாக வர வேண்டும். கொடியின் தண்டிலுள்ள சுணை தோலை அரிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டையும் கையுறையும் அவசியம்.

பச்சையாகவே போடலாம், ஆனால் பறித்த அன்றே, தாமதமானால் 24 மணி நேரத்துக்குள், பயன்படுத்திவிட வேண்டும். பச்சைக் கூம்பின் எடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர்தான். எனவே செய்முறையில் 100 கிராம் உலர்ந்த ஹாப்ஸ் என்றிருந்தால் பச்சையில் 500 கிராம் அளவுக்குத் தேவைப்படும். அவ்வளவு கூம்பும் மால்ட் சாற்றை (முளைகட்டிய தானியத்தை ஊறவைத்து வடித்த, பீருக்கான சாற்றை) கணிசமாக உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், சாற்றைச் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொண்டு, கூம்புகளைத் துணிப்பையில் கட்டிப் போடுவது நல்லது.

எப்போது போடுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பீரின் கசப்பு, ஹாப்ஸிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் நீண்ட கொதியில் உருமாறுவதால் வருவது; அந்த அமிலம் எத்தனை விழுக்காடு என்பது கடையில் விற்கும் பொட்டலத்தில் அச்சிடப்பட்டிருக்கும், வேலியில் காய்த்ததற்கு யார் அச்சிட்டுத் தருவார்கள்? ஆகவே கசப்புக்குக் கடைச் சரக்கை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, வீட்டுக் கூம்புகளை, ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லி தூவுவதுபோல், கடைசிப் பத்து நிமிடத்திலோ அடுப்பை அணைத்த பிறகோ சேர்க்கச் சொல்லுங்கள். மணம் தரும் எண்ணெய்கள் ஆவியாகாமல் தங்கும். பச்சைக் கூம்பை நெடுநேரம் கொதிக்கவிட்டால் புல்வாடைதான் மிஞ்சும்.

மிஞ்சிய கூம்புகளை வெயிலில் போடாதீர்கள். மணமும் கசப்பும் போய்விடும். நிழலில், காற்றோட்டத்தில், நடுக்காம்பு ஒடியும்வரை உலர்த்தி, காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் வைக்கலாம். மகன் வீட்டில் நாய் இருந்தால், வடித்தெடுத்த சக்கையைக்கூட அதன் வாய்க்கு எட்டும்படி வைக்கக் கூடாது. ஹாப்ஸ் நாயின் உடல் வெப்பத்தை அபாயகரமாக ஏற்றி உயிரைப் பறிக்கக் கூடியது.

கேள்வி: அந்தக் கொடியின் கிழங்கைக் கொண்டுவந்து நம் பக்கத்துத் தோட்டத்தில் வளர்க்கலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. ஹாப்ஸுக்குக் குளிர்கால உறக்கமும், கோடையில் 15 மணி நேரத்தை ஒட்டிய நீண்ட பகலும் தேவை. இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் அது விளைவதற்கு இதுவே காரணம். செட்டிநாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தை எட்டாது; மார்கழிக் குளிரோ அந்தக் கொடிக்குக் குளிரே அல்ல. பிழைத்தாலும் குட்டையாக நின்று, நாலைந்து கூம்புகளோடு முடிந்துவிடும். மேலும், வெளிநாட்டிலிருந்து கிழங்கு கொண்டுவர, 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி இறக்குமதி அனுமதியும் அந்நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதிக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1978இல் வந்தது. இங்கே 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி ஒரு குப்பி காய்ச்சினாலும் குற்றம்தான்.