பசி கூப்பிடாது, கடிகாரம் கூப்பிடட்டும்

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. புற்றுநோய்க்காக இரைப்பை முழுவதையும் எடுத்து ஐந்து மாதமாகிறது. நோய் மிச்சமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் நாலு வாய் சாப்பிட்டதும் தட்டைத் தள்ளிவிடுகிறார். உடனே வியர்த்துக் கொட்டி, படபடப்பாக வந்து படுத்துவிடுகிறார். 11 கிலோ இளைத்துவிட்டார். தட்டு காலியாகும்வரை எதிரிலேயே உட்கார்ந்து பார்க்கிறேன், தினமும் சண்டைதான். பழையபடி ஆவாரா? வேலைக்குப் போக முடியுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புச் சகோதரி, எதிரில் உட்கார்ந்து காவல் காப்பதை இன்றே விட்டுவிடுங்கள். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில்தான் சுரக்கிறது. இரைப்பையே போனபின் பசி எப்படி வந்து கூப்பிடும்? அதனால் கடிகாரம் கூப்பிடட்டும். இரண்டு, இரண்டரை மணிக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு வேளை, சின்னத் தட்டில் கொஞ்சமாக வையுங்கள். பெரிய தட்டைப் பார்த்தாலே அவருக்கு மலைப்பாக இருக்கும். ஒரு வாய் எடுத்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கூழாகும்வரை மென்று விழுங்கட்டும். புரதம் உள்ளதை முதலில் சாப்பிடட்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு தர வேண்டாம், அரை மணி முன்னேயோ பின்னேயோ குடிக்கட்டும்.

அந்த வியர்வைக்கும் காரணம் உண்டு. இரைப்பை ஒரு கிடங்கு மாதிரி. உணவை வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்கு விடும். இப்போது உணவுக்குழாய் நேராகச் சிறுகுடலோடு இணைந்திருக்கிறது. சாப்பிட்டது, அதிலும் இனிப்பு, ஒரேயடியாக இறங்கும்போது குடல் உடம்பிலிருந்து நீரை இழுக்கிறது. அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வருகிறது. டாக்டர்கள் இதை டம்பிங் என்பார்கள். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை இறங்கி, கை நடுங்கும். பயமாகத்தான் இருக்கும், ஆனால் புற்று திரும்பிவிட்டதன் அறிகுறி இல்லை. இனிப்பைக் குறைத்தாலே பாதி அடங்கும். படபடப்பு வரும்போது அவர் சாய்ந்து ஓய்வெடுப்பதில் தப்பில்லை. மட்டமாகப் படுத்தால் பித்தம் மேலேறி நெஞ்சு எரியும், தலைப்பக்கம் உயரமாக இருக்கட்டும்.

அடுத்த முறை டாக்டரிடம் வைட்டமின் பி12 ஊசி பற்றி மறக்காமல் கேளுங்கள். பி12 உடம்பில் சேர இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் வேண்டும், அவருக்கு இனி அது கிடையாது. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில வருஷம் ஓடுவதால் குறை உடனே தெரியாது. பிறகு சோர்வும் கால் மரத்துப்போவதுமாக வந்து நிற்கும். ஆயுள் முழுக்கத் தேவைப்படுவது இந்த பி12. இரும்பு, கால்சியம், வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எடை முதல் சில மாதங்களில் இறங்கி, பிறகு ஓரிடத்தில் நிற்பதுதான் வழக்கம். பழைய எடை பலருக்குத் திரும்புவதில்லை. வாரம் ஒரு தடவை பார்த்தால் போதும். ஆனால் எடை நிற்காமல் இறங்கினாலோ, உணவு தொண்டைக்குக் கீழே சிக்கி வாந்தி வந்தாலோ காத்திருக்காதீர்கள். தையல் போட்ட இடம் சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பி மூலம் விரித்துவிட முடியும்.

பழையபடி ஆவாரா என்றால், பழைய அளவுச் சாப்பாடு வராது, அதை எதிர்பார்க்காதீர்கள். மற்றதெல்லாம் மெதுவாக வரும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் பலர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். டாக்டர் சரி என்றதும் முதலில் அரை நாளாகப் போகட்டும். பையில் இரண்டு சின்ன டப்பா சாப்பாடு, சர்க்கரை இறங்கிக் கை நடுங்கினால் எடுத்துக்கொள்ள, சட்டைப்பையில் கொஞ்சம் குளுக்கோஸ். நடுநடுவே அவர் ஏன் சாப்பிடுகிறார் என்று பக்கத்தில் வேலை செய்பவர் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.