வைப்புத்தொகையை உடைக்காதீர்கள், ஆச்சி

கேள்வி: மகன் காரைக்குடியில் பி.எஸ்சி. இயற்பியல் சேரப் போகிறான். கால்குலஸ் (நுண்கணிதம்) என்றாலே பயம். ஒரு ஆன்லைன் நிறுவனம் கால்குலஸ், இயற்பியல் இரண்டு பாடத்துக்கும் 48,000 ரூபாய் கேட்கிறது. மாதம் 4,000 வீதம் 12 தவணை, வட்டி இல்லையாம். தவணையில் போகவா, ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்துக் கட்டிவிடவா?
- ஓர் ஆச்சி, கண்டனூர்

பதில்: இரண்டும் வேண்டாம், ஆச்சி.

வட்டியில்லாத் தவணை என்பது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் எழுதும் கடன். மூன்றாம் மாதம் தம்பி வகுப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது. தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் உங்களுக்குத்தான் இறங்கும். வைப்புத்தொகையை முன்கூட்டி எடுத்தாலோ, பல வங்கிகள் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் பிடித்துக்கொள்ளும். அதுவும் எதற்கு? இலவசமாகக் கிடைக்கிற பாடத்துக்கு.

பயம் உள்ள பிள்ளை கான் அகாடமியில் தொடங்கட்டும். இணையத்தில் இலவசமாகப் பாடம் நடத்தும், லாப நோக்கமில்லாத அமைப்பு அது. எங்கே தடுக்குகிறதோ அங்கிருந்தே பயிற்சிக் கணக்குகள் கிடைக்கும். வேண்டுமானால் பத்தாம் வகுப்பு இயற்கணிதத்துக்கே திரும்பிப் போகலாம். வெட்கப்பட அங்கே யாரும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. கை பழகியபின், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாகப் போடும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் ஒருமாறி கால்குலஸ் (சிங்கிள் வேரியபிள் கால்குலஸ்): விரிவுரை, கணக்குகள், விடைகள், பழைய தேர்வுத்தாள்கள் எல்லாம் உண்டு. பதிவு செய்யவே வேண்டாம், கெடுவும் இல்லை. நம் ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் தளத்தின் காணொளிகளும் இலவசம். சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். இப்போதைக்கு அந்தச் சான்றிதழ் தம்பிக்குத் தேவையில்லை. இயற்பியலுக்கு, இலவசப் பாடநூல்கள் வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸின் யுனிவர்சிட்டி பிசிக்ஸ் புத்தகம் மூன்று தொகுதிகளாக இலவசமாக இறங்கும். ஆங்கிலம் உறுத்தினால் நம் பிளஸ் டூ தமிழ்வழிப் புத்தகத்தின் நுண்கணிதப் பாடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளட்டும்.

நாலு தளத்தில் ஒரே நாளில் பெயர் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது. கால்குலஸில் வகையீடு (டிஃபரன்சியேஷன்) படிக்கும் வாரத்திலேயே திசைவேகம், முடுக்கம் கணக்குகளையும் போட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று விளங்கும்.

வட்டிக் கணக்கு தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு புதிர் கொடுங்கள். ஒரு ரூபாய்க்கு ஆண்டுக்கு நூறு சதவீத வட்டி. ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் 2 ரூபாய். மாதந்தோறும் கூட்டுவட்டி என்றால் சுமார் 2.61, தினமும் என்றால் சுமார் 2.71. நொடிக்கு நொடி சேர்த்தால்? 1683இல் ஜேக்கப் பெர்னூலி என்ற கணித மேதை இதே வட்டிக் கேள்வியைத்தான் கேட்டார்; இடைவெளியே இல்லாமல் சேர்த்துக்கொண்டே போனால் தொகை நெருங்கும் எண்தான் கால்குலஸில் வரும் e; அது அங்கிருந்துதான் தலைகாட்டியது.

உண்மையில் அந்த 48,000க்கு உங்களிடம் விற்பது பாடமல்ல, "இன்று படித்தாயா" என்ற அதட்டல். அதை நீங்களே முகப்பில் உட்கார்ந்து செய்யலாம். அன்றன்று போட்ட கணக்கு நோட்டை மட்டும் கேளுங்கள். மூன்று மாதம் கழித்தும் தம்பிக்கு ஓரிடத்தில் முட்டினால், காரைக்குடியில் எம்.எஸ்சி. படிக்கும் பிள்ளை ஒருவரை வாரம் இரண்டு நாள் வரச்சொல்லி, அந்தச் சந்தேகங்களுக்கு மட்டும் மணிக்கணக்கில் சம்பளம் கொடுங்கள்.