அமெரிக்க பென்னி, அதாவது ஒரு சென்ட் காசு, செம்புதானே? பழசைச் சேர்த்து உருக்கி விற்றால் லாபம் வருமா?

பார்க்கச் செம்பு, உள்ளே துத்தநாகம். 1982-க்குப் பிறகு அடித்த பென்னியில் 97.5% துத்தநாகம், மேலே பூசியிருக்கும் செம்பு 2.5% தான். அதற்கு முன் இருபது வருஷம் 95% செம்பு, 5% துத்தநாகம் என்று போய்க்கொண்டிருந்தது. செம்பு விலை ஏறியதும் அடக்கம் கட்டுப்படியாகாமல் மாற்றிவிட்டார்கள்.

குழப்பம் 1982-ல்தான். அந்த ஒரே வருஷத்தில் இரண்டு வகையும் வந்தன. வருஷத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, எடை போட வேண்டும்: செம்பு 3.11 கிராம், துத்தநாகம் 2.5 கிராம். தராசு இல்லையென்றால் மேஜைக் கல்லில் போட்டுப் பாருங்கள். பழசு 'ணிங்' என்று இழுக்கும், புதுசு 'டொக்' என்று அடங்கிவிடும். எங்கள் வீட்டுச் சில்லறை ஜாடியை என் பையன் காதாலேயே பிரித்துவிடுவான்.

புதுசின் விளிம்பை அரத்தால் லேசாக ராவி, பள்ளி ஆய்வகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு ராத்திரி போட்டு வைப்பார்கள். காலையில் துத்தநாகம் கரைந்து, லிங்கன் முகம் பதிந்த செம்புத் தகடு மட்டும் வெற்றுக் கூடாக மிதக்கும். வீட்டில் வேண்டாம், வாயு வெளிவரும்.

பென்னி காந்தத்தில் ஒட்டாவிட்டால் போலி என்று லண்டனில் இருக்கும் உறவினர் ஒருவர் சொன்னாராம். அவர் நாட்டுப் பென்னி 1992 முதல் செம்பு பூசிய எஃகு, அதனால் ஒட்டுகிறது. அமெரிக்கக் காசில் ஒட்டுவது 1943-ஆம் வருஷத்தது. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த வருஷம் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள், வெள்ளைவெளேரென்று இருக்கும். அப்போது தப்பித்தவறி வெண்கலத் தகட்டில் அடிபட்ட சில காசுகள்தான் லட்சக்கணக்கான டாலருக்குப் போகின்றன. இதை வைத்துத்தான் ஏமாற்று வேலையும் நடக்கிறது. எஃகுக் காசுக்குச் செம்பு பூசியிருந்தால் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். 1948-ன் 8-ஐச் சுரண்டி 3 ஆக்கியிருந்தால் காந்தம் உதவாது. லென்ஸ் வைத்து அந்த 3-இன் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

உருக்கும் விஷயத்துக்கு வருவோம். பழைய காசிலுள்ள செம்பின் மதிப்பு ஒரு சென்ட்டைத் தாண்டும், அது உண்மை. ஆனால் லாபத்துக்காக உருக்குவதற்கு 2006 டிசம்பரிலிருந்து தடை. மாட்டினால் 10,000 டாலர் வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை. பென்னி அடித்து அரசுக்கு நஷ்டம் வந்தது செம்பால்தான் என்று நினைப்பதும் தப்பு. 2024 நிதியாண்டில் ஒன்றை அடிக்க 3.69 சென்ட் ஆனது இந்தத் துத்தநாகக் காசுக்குத்தான். அந்த நஷ்டத்தால்தான் 2025 நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் புழக்கத்துக்கான கடைசிப் பென்னியை அடித்து நிறுத்தினார்கள். கையிலிருப்பது இன்னும் செல்லும்.

இன்னொன்று, நம்மவர்களுக்காக. பழைய பென்னி கறுத்திருக்கிறதே என்று குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். சேகரிப்பாளர்கள் தேய்த்த காசைப் பார்த்ததுமே விலையைக் குறைத்துவிடுவார்கள்.