தண்ணீரை மாற்றியும் பச்சையாவது ஏன்?

வணக்கம் சகோ. ஜன்னலோரம் 30 லிட்டர் தொட்டி, ஆறு கப்பி மீன், வாரம் ஒருமுறை முழுத் தண்ணீரையும் மாற்றியும் நாலே நாளில் பச்சையாகிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் முழுத் தண்ணீரை மாற்றுவதை நிறுத்துங்கள், மீன்களுக்கு அது பெரும் அவஸ்தை. உங்களிடம் இருப்பது கண்ணாடியில் ஒட்டும் பாசி இல்லை, நீரிலேயே மிதக்கும் நுண்பாசி. துளி மிஞ்சினாலும், வெயிலும் மீன்கழிவிலிருந்து வரும் நைட்ரேட் என்ற சத்தும் கிடைக்கும்வரை மளமளவென்று பெருகும்.

தொட்டியை வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரைப் பெருமளவு இறக்கிய பிறகே தூக்கவும், இல்லாவிட்டால் கண்ணாடி ஒட்டு விட்டுவிடும். பிறகு மூன்று, நான்கு நாள் விளக்கை அணைத்து, கனத்த போர்வையால் நாலாபுறமும் மூடுங்கள். கப்பிகள் தாங்கும். ஆனால் ஏர் பம்ப் நிற்கவே கூடாது. இருட்டில் பாசி ஆக்சிஜனை வெளிவிடாது. செத்து அழுகும்போது இருக்கும் ஆக்சிஜனும் குறையும். திறந்ததும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும், குளோரின் நீக்கி, மாற்றுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சை வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதில் வாழும் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும்.

அப்புறம் விளக்கு தினம் 6 மணி நேரம் போதும். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுதான். வேகமாக வளரும் நீர்ச்செடி நாலு கொத்து போட்டால் நைட்ரேட்டை அது இழுத்துக்கொள்ளும்.

பாசியைத் தின்னும் என்று கடைக்காரர் சொன்ன சக்கர் மீன் தயவுசெய்து வேண்டாம். மிதக்கும் பாசியை அது தின்னாது, 30 செ.மீ.க்கு மேலும் வளரக்கூடியது. அந்தச் சின்னத் தொட்டியில் பாவம், திரும்பக்கூட இடமிருக்காது.